பழைய ரோடு பைக்குக்கு ஷிஃப்டர் மாத்தணுமா? முதல்ல பின்சக்கரத்தை பாருங்க

எங்கிட்ட இருக்கறது எண்பதுகள்ல வந்த ஒரு ஸ்டீல் ரோடு பைக். டவுன் டியூப்ல, அதாவது ஹேண்டில்பார் பக்கத்துலேர்ந்து பெடல் வரைக்கும் சாஞ்சு இறங்கற குழாய்ல, கியர் மாத்தற ரெண்டு லிவர் (ஷிஃப்டர்னு சொல்றது இதத்தான்), பின்னாடி 6 பல்சக்கரம். வாங்கின புதுசுல ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சா போதும், லிவர் தானா முன்னாடி சாஞ்சிடும், செயின் கடகடன்னு சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கிடும், கால் அப்டியே கல்லு மாதிரி நின்னுடும். சரி, ஷிஃப்டர் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, பிரேக் லிவரோட சேர்ந்தே வர்ற 8 ஸ்பீடு (பின்னாடி 8 பல்சக்கரத்துக்கான) ஷிஃப்டர் ஜோடி ஒன்ன செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்தேன். மாட்டிப் பாத்தா கிளிக்குக்கும் பல்சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்ல, கேபிள் ஹவுசிங்க, அதாவது கேபிள் மேல வர்ற உறைய, நிறுத்த ஃப்ரேம்ல இடமும் இல்ல. ரெண்டு வருஷம் அது டப்பாவுல தூங்குச்சு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, பழைய லிவர்ல இருந்த ஒரு ஸ்க்ரூவ அரை சுத்து இறுக்கியிருந்தாலே விஷயம் முடிஞ்சிருக்கும்னு.

அதனால இந்த வழிகாட்டியில ஷிஃப்டர் வாங்கறது கடைசிக்கு கொஞ்சம் முன்னாடிதான் வரும். எந்த ஷிஃப்டர் சரியா வரும்னு முடிவு பண்றது பின்சக்கரமும், செயின ஒரு பல்சக்கரத்துலேர்ந்து இன்னொன்னுக்கு தள்ளற டீரெய்லரும்தான், நம்ம ஆசை இல்ல.

படி 1: இருக்கறது நிஜமாவே கெட்டுப்போச்சான்னு பாருங்க

டீரெய்லருக்குள்ள ஒரு ஸ்ப்ரிங் இருக்கு, அது எப்பவும் கேபிள இழுத்து செயின சின்ன பல்சக்கரத்து பக்கமே தள்ளப் பாக்கும். பழைய ஃப்ரிக்ஷன் லிவர்ல கிளிக் எதுவும் கிடையாது, வாஷருங்க ஒன்னோட ஒன்னு அழுந்தி உரசற பிடிதான் அந்த ஸ்ப்ரிங்க எதிர்த்து நிக்குது. பிடி தளர்ந்தா ஸ்ப்ரிங் ஜெயிச்சிடும், கியர் தானா மாறும். நடு ஸ்க்ரூவுல கம்பி வளையம் மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும் பாருங்க, இல்லன்னா காசு வச்சு திருப்பற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அத வலது பக்கமா கால் சுத்து, அரை சுத்து திருப்பி ஓட்டிப் பாருங்க. லிவர் நகர கொஞ்சம் பலம் வேணும், ஆனா விட்ட இடத்துல நிக்கணும், அதுதான் சரியான இறுக்கம்.

அதுக்கும் நிக்கலன்னா லிவர கழட்டுங்க. கழட்டும்போது ஒவ்வொரு வாஷரையும் வந்த வரிசையில ஒரு வெள்ளத் துணி மேல அடுக்குங்க, நடுவுல நடுவுல போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. தட்டை வாஷர், நடுவுல பள்ளம் உள்ள வாஷர், சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் வளையம்னு ஏழெட்டு சாமான் வரும், ஒன்னு தலைகீழா போனாலும் லிவர் வேலை செய்யாது. யாரோ முன்னாடி ஓட்டினவரு நல்ல எண்ணத்துல எண்ணெய் ஊத்தியிருப்பாரு, பிடி போனதுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கும். உரசற இடத்த நல்லா துடைச்சு காயவச்சு திரும்ப மாட்டுங்க.

பிரேக்கோட சேர்ந்த ஷிஃப்டரா இருந்து, லிவர தள்ளினா கிளிக்கே விழாம காத்துல போற மாதிரி போகுதுன்னா, அதுவும் முக்காவாசி நேரம் சாவு இல்ல. உள்ள இருக்கற கிரீஸ் பல வருஷத்துல பிசின் மாதிரி இறுகி, குட்டிக் கொக்கிங்கள அசையவிடாம பிடிச்சு வச்சிருக்கும். ஸ்ப்ரே டிகிரீசர மெல்லிய குழாய் வழியா உள்ள தாராளமா அடிச்சு, லிவர நூறு தடவையாவது ஆட்டுங்க. அழுக்கு கருப்பா வடியும், மறுபடி அடிங்க. கிளிக் திரும்பி வந்ததும் நல்லா காயவிட்டு லேசான எண்ணெய் விடுங்க. ஒரே தடவையில வரலன்னா ராத்திரி முழுக்க ஊறவிட்டு காலைல பாருங்க. பிளாஸ்டிக் உடைஞ்சிருந்தா, பல்லு தேஞ்சிருந்தா மட்டும்தான் மாத்தற பேச்சு.

படி 2: பின்சக்கரத்த அளங்க

பல்சக்கரம் எத்தனைன்னு எண்ணுங்க. அப்புறம் சக்கரத்த கழட்டிட்டு, ஃப்ரேம்ல அச்சு உக்கார்ற ரெண்டு காதுக்கும் நடுவுல உள்பக்கத்துலேர்ந்து உள்பக்கம் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. 120 மிமீ வந்தா 5 ஸ்பீடு காலத்து ஃப்ரேம், நெருக்கி அடுக்கின 6 ஸ்பீடும் அதுல போகும். 126 வந்தா 6 அல்லது 7. 130 வந்தா 8லேர்ந்து மேல. முன்னாடி யாராவது ஃப்ரேம விரிச்சு வச்சிருக்கலாம், அதனால ஹப்போட ரெண்டு பக்க நட்டுக்கு நடுவுல உள்ள அகலத்தையும் ஒருதடவை அளந்துக்கங்க, ரெண்டு கணக்கும் ஒத்துப்போகணும்.

ஸ்டீல் ஃப்ரேம்னா 126லேர்ந்து 130க்கு விரிக்க முடியும், ஒரு பக்கத்துக்கு 2 மிமீதான், ஆனா ரெண்டு பக்கமும் சமமா விரியணும், விரிச்சப்புறம் டீரெய்லர் தொங்கற காதையும் நேர் பண்ணணும். இது தெரிஞ்ச ஆள் கையில செய்யற வேலை. அலுமினியம், கார்பன் ஃப்ரேம்ல இத நினைச்சுக்கூட பாக்காதீங்க, விரிசல் விட்டுடும்.

இப்ப கணக்குக்கு வருவோம், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். ஒரு பல்சக்கரத்தோட மையத்துலேர்ந்து அடுத்ததோட மையம் வரைக்கும் உள்ள தூரம் 6 ஸ்பீடுல சுமாரா 5.5 மிமீ, 7ல 5.0, 8ல 4.8, 9ல 4.35, 10ல 3.95. ஷிமானோவோட பழைய ரோடு டீரெய்லருங்க கேபிள 1 மிமீ இழுத்தா செயின சுமாரா 1.7 மிமீ நகர்த்தும். 8 ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு 2.8 மிமீ கேபிள் இழுக்குது, 1.7ஆல பெருக்கினா 4.76, பல்சக்கர இடைவெளி 4.8, ஒத்துப்போச்சு. அதே ஷிஃப்டர என்னோட 6 ஸ்பீடுக்கு வச்சா ஒரு கிளிக்குக்கு முக்கா மிமீ குறையுது, ரெண்டு கியர் தாண்டறதுக்குள்ள ஒன்றரை மிமீ விலகல், செயின் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல கரகரன்னு அரைக்கும். நான் முட்டாள்தனமா பணம் போட்டது இந்த முக்கா மிமீலதான்.

ஆனா இதே கணக்குல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. 7க்கும் 8க்கும் வித்தியாசம் வெறும் 0.2 மிமீ. அதனால 126 ஃப்ரேம்ல 7 ஸ்பீடு ஃப்ரீவீலோ கேசட்டோ (ரெண்டும் பின் பல்சக்கர அடுக்கோட வகைங்க) போட்டு, 8 ஸ்பீடு ஷிஃப்டர வச்சு, ஒரு கிளிக்க சும்மா விட்டுட்டு ஓட்டலாம். நடுப் பல்சக்கரத்துல சரியா செட் பண்ணிட்டா ரெண்டு ஓரத்துலயும் விலகல் பிரிஞ்சிடும், ஓட்டும்போது தெரியாது. 7 ஸ்பீடு பிரிஃப்டர் (பிரேக்கும் கியரும் ஒன்னா உள்ள ஷிஃப்டர்) நல்ல நிலையில தேடி அலையறத விட இது ரொம்ப சுலபம், ஃப்ரேமையும் வளைக்க வேணாம்.

படி 3: டீரெய்லர் எந்தக் காலத்துது

ஷிமானோ தன்னோட எஸ்ஐஎஸ் கிளிக் சிஸ்டத்த டூரா-ஏஸ் 7400ல கொண்டுவந்தது 1984ல, அப்ப 6 ஸ்பீடு. 1990ல பிரேக்கையும் கியரையும் ஒரே லிவர்ல வச்ச எஸ்டிஐ வந்துச்சு, கேம்பக்னோலோவோட எர்கோபவர் 1992ல. உங்க டீரெய்லர் இந்த கிளிக் காலத்துக்கு முன்னாடி வந்ததுன்னா, அதாவது பழைய சிம்ப்ளெக்ஸ், ஹ்யூரே, கேம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்டு மாதிரி ஒன்னுன்னா, அதோட கிளிக் ஷிஃப்டர் சேர்க்கற ஆசைய விட்டுடுங்க. அதுங்க கையால தடவித் தடவி கியர் கண்டுபிடிக்கறதுக்காகவே செஞ்சது. கிளிக் வேணும்னா டீரெய்லரையும் சேர்த்து மாத்தணும்.

ஷிமானோவுக்குள்ளயே ஒரு கண்ணி இருக்கு. 7400 வரிசை டூரா-ஏஸ் டீரெய்லருங்களோட கேபிள் கணக்கு வேற, அதே வரிசை ஷிஃப்டரோடதான் சேரும். ஷிமானோவோட மத்த வரிசைங்களான 600, 105 டீரெய்லரோட பழைய டூரா-ஏஸ் 8 ஸ்பீடு ஷிஃப்டர மாட்டிட்டு ஏன் செட் ஆகலன்னு மண்டைய உடைச்சுக்கறவங்க நிறைய பேரு. சன்டூர் அக்யூஷிஃப்ட், கேம்பக்னோலோ, ஸ்ராம் எல்லாம் தனித்தனி கணக்கு. 10 ஸ்பீடுன்னு பேர் இருந்தாலும் டியாக்ரா 4700 பழைய ஷிமானோ 10 ஸ்பீடோட சேராது. ஒரே கம்பெனி பேர் போட்டிருக்கேன்னு நம்பி வாங்காதீங்க.

இன்னொன்னு, டீரெய்லர் தொங்கற காது. பைக் வலது பக்கமா ஒருதடவை விழுந்திருந்தாலே அது லேசா உள்ள மடங்கியிருக்கும், ஃப்ரிக்ஷன்ல அது தெரியாது, கிளிக்ல எந்த ஷிஃப்டர் போட்டாலும் பாதி கியர் ஒழுங்கா விழாது. பாக்கறதுக்கு ஒரு பழைய வித்தை: டீரெய்லர கழட்டிட்டு அந்த ஓட்டையில வேற ஒரு பின்சக்கரத்தோட அச்ச திருகுங்க. காதோட மரையும் குவிக் ரிலீஸ் பின் அச்சோட மரையும் பெரும்பாலும் ஒன்னுதான், விட்டம் 10 மிமீ, மரை இடைவெளி 1 மிமீ, அதனால ஏறிடும். இப்ப ரெண்டு சக்கரமும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், ரெண்டு ரிம்முக்கும் நடுவுல மேல, கீழ, முன்னாடி, பின்னாடி இடைவெளி அளந்தா காது எந்தப் பக்கம் மடங்கியிருக்குன்னு பளிச்சுன்னு தெரியும். சில பழைய சிம்ப்ளெக்ஸ் காதுல மரையே இருக்காது, அங்க இந்த வித்தை செல்லாது.

படி 4: ஃப்ரேம்ல எங்க மாட்டறது

டவுன் டியூப்ல ரெண்டு பக்கமும் வெல்டு பண்ணின குமிழ் மாதிரி ஒன்னு இருக்கா, இல்ல பட்டை போட்டு இறுக்கியிருக்கா? குமிழோட அடி சதுரமா இருந்து 5 மிமீ ஸ்க்ரூ ஏறினா கவலை இல்ல, ஷிமானோவும் கேம்பக்னோலோவும் அதுல உக்காரும். வட்டமா இருந்தா பழைய ஹ்யூரே, சிம்ப்ளெக்ஸ் வகையா இருக்கலாம், அதுக்கு அதே வகை லிவர்தான். பட்டைன்னா குழாயோட விட்டத்த அளங்க, சாதாரண ஸ்டீல் ஃப்ரேம்ல 28.6 மிமீ, பழைய பிரெஞ்சு ஃப்ரேம்ல 28.0. அரை மிமீதானேன்னு இறுக்கினா பட்டை வழுக்கி கீழ இறங்கி பெயிண்ட்ட சுரண்டிடும்.

ஷிஃப்டர் ஹேண்டில்பாருக்கு போகுதுன்னா, டவுன் டியூப்ல லிவர் இருந்த இடத்துல ஹவுசிங் வந்து முட்டி நிக்க ஒரு கேபிள் ஸ்டாப் வேணும். குமிழ் மேல மாட்டறதும் இருக்கு, பட்டையோட வர்றதும் இருக்கு. கேபிள் இழுவைய கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குறைக்க கையால திருகற அட்ஜஸ்டர் உள்ளதா வாங்குங்க, ஏன்னா பழைய டீரெய்லர் பலதுல அட்ஜஸ்டரே இருக்காது, அது இல்லாம கிளிக் செட் பண்றது நரகம்.

படி 5: இப்பதான் வகைய முடிவு பண்ணணும்

டவுன் டியூப் ஃப்ரிக்ஷன் லிவர். எந்த ஃப்ரீவீல், எந்த டீரெய்லர்னாலும் ஒத்துப்போகும், கெட்டுப்போக உள்ள ஒன்னுமே இல்ல, கேபிள் குட்டை. 8 ஸ்பீடு வரைக்கும் சுகமா ஓட்டலாம், 9, 10 போனா விரல் நுனி ரொம்ப நிதானமா இருக்கணும். எல்லா ஃப்ரிக்ஷனும் ஒன்னு இல்ல. சன்டூரோட ராட்செட் லிவர்ல பின்னாடி இழுக்க பலம் கம்மியா போதும், ஆனா விட்ட இடத்துல கெட்டியா நிக்கும். சிம்ப்ளெக்ஸோட ரெட்ரோஃப்ரிக்ஷன்ல உள்ள ஒரு சுருள் ஸ்ப்ரிங் கிளட்ச் இருக்கு, இழுக்கும்போது வெண்ணெய் மாதிரி வரும். பழைய கேம்பக்னோலோ அழகு, ஆனா அடிக்கடி இறுக்கிக்கிட்டே இருக்கணும். எனக்கு சன்டூர்தான், இதுல வாதத்துக்கு வராதீங்க.

டவுன் டியூப் இண்டெக்ஸ் லிவர். பழைய தோற்றம் மாறாம கிளிக் வேணும்னா இதுதான் வழி. பலதுல வலது லிவர கிளிக்லேர்ந்து ஃப்ரிக்ஷனுக்கு திருப்பற வசதி இருக்கும், வழியில ஏதாவது வளைஞ்சு கிளிக் விழாம போனா வீடு வந்து சேர அது காப்பாத்தும்.

பார் எண்ட் ஷிஃப்டர், ஹேண்டில்பார் நுனியில சொருகறது. கைய எடுக்காம கியர் மாத்தலாம், பிரேக் லிவர மாத்த வேணாம், அதனால பழைய பைக்குக்கு நடுத்தரமா நல்ல வழி இதுதான்னு நான் நினைக்கறேன். ஷிமானோவோட 9 ஸ்பீடு பிஎஸ்77ல ஃப்ரிக்ஷனுக்கு மாத்திக்கலாம், 10 ஸ்பீடு பிஎஸ்79ல அது முடியாது. குறையும் இருக்கு: நின்னு மிதிக்கும்போது சிலருக்கு முட்டி இடிக்கும், பைக்க செவுத்துல சாய்ச்சா லிவர்தான் முதல்ல அடி வாங்கும், ஹவுசிங்கும் நீளமா வேணும். வாங்கறதுக்கு முன்னாடி ஹேண்டில்பாரோட உள் விட்டத்த அளங்க, கனமான பழைய ஸ்டீல் பார்ல, ஷிஃப்டர உள்ள பிடிச்சு நிறுத்தற அடைப்பான் உள்ளயே போகாது. ஷிமானோவுல அந்த அடைப்பான் போல்ட் இடது பக்கமா திருப்பினாத்தான் இறுகும், அது தெரியாம வலது பக்கமே முறுக்கி முறுக்கி கை வலிச்சவங்க உண்டு.

பிரிஃப்டர், அதாவது பிரேக்கும் கியரும் ஒன்னா உள்ளது. டிராஃபிக்ல ஓட்டறவங்களுக்கு இதுக்கு ஈடு இல்ல, ஆனா பழைய பைக்ல அதிக வேலை வாங்கறதும் இதுதான். ரெண்டு விஷயம் யோசிங்க. ஒன்னு, பிரேக்: டூரா-ஏஸ் 7900லேர்ந்து ஷிமானோ பிரேக் கேபிள் இழுக்கற அளவ மாத்திடுச்சு, அந்தத் தலைமுறை லிவர பழைய பிரேக்கோட போட்டா லிவர் இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும் ஆனா பிடிக்கற பலம் குறையும். பழைய 8, 9 ஸ்பீடு எஸ்டிஐ இந்த விஷயத்துல பத்திரம். ரெண்டாவது, கை: சில அடிப்படை மாடல்ல கட்டைவிரல் பட்டன் உள்பக்கம் மேல இருக்கும், ஹேண்டில்பாரோட கீழ் வளைவ பிடிச்சிருக்கும்போது எட்டாது. நீங்க கீழ பிடிச்சு ஓட்டற ஆளுன்னா அது வேணாம்.

ஸ்டெம் ஷிஃப்டர் பத்தி ரெண்டு வரி போதும். எழுபதுகள்ல நிறைய வந்துச்சு, விழுந்தா உடம்புல குத்தற இடத்துல ரெண்டு இரும்பு நீட்டிக்கிட்டு இருக்கும். இருந்தா கழட்டிடுங்க. நேரான ஹேண்டில்பாருக்கு மாறியிருந்தா தம்ப் ஷிஃப்டர் போடுங்க, அந்த பார் விட்டம் 22.2 மிமீ, ரோடு பார் 23.8 கிட்ட, ரெண்டோட கிளாம்பும் ஒன்னுக்கொன்னு பொருந்தாது.

முன் டீரெய்லர் லிவர் எப்பவும் ஃப்ரிக்ஷனாவே இருந்தா நல்லது. முன்னாடி பல்சக்கரம் மூணானாலும் ரெண்டானாலும் சமாளிக்கும், செயின் உரசினா ஒரு சொட்டு நகர்த்திக்கலாம்.

படி 6: செகண்ட் ஹேண்ட் பாக்கும்போது

கேபிள் இல்லாம லிவர தட்டிப் பாத்து கிளிக் வருதுன்னு சொல்றத நம்பாதீங்க. ஒரு கேபிள சொருகி, கையால நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, மேல போற கிளிக், கீழ வர்ற கிளிக் எல்லாத்தையும் எண்ணுங்க. 8 ஸ்பீடுல 7 கிளிக் வரணும். தூரத்துலேர்ந்து வாங்கறீங்கன்னா இப்டி இழுத்துப் பிடிச்ச வீடியோவே கேளுங்க. வலது பக்கம்தான் அதிகம் உழைச்சிருக்கும், அத ரெண்டு தடவை பாருங்க. உள்ள உடைஞ்சு போன கேபிளோட தலை மாட்டிக்கிட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரப்பர் கவர் கிழிஞ்சிருந்தா அதே மாடலுக்கு கவர் கிடைக்குதான்னு தேடிட்டு அப்புறம் பேசுங்க, பழைய மாடல் கவர் சிலதுக்கு ஷிஃப்டர விட கஷ்டம்.

படி 7: மாட்டறது

கேபிளும் ஹவுசிங்கும் புதுசா போடுங்க, இதுல கஞ்சத்தனம் வேணாம். கியர் கேபிள் 1.2 மிமீ, ஹவுசிங் 4 மிமீ, நீளவாக்குல கம்பி ஓடற அமுங்காத வகை. சுருள் கம்பி உள்ள பிரேக் ஹவுசிங்க கியருக்கு போட்டா அது அமுங்கி கிளிக்க எல்லாம் தின்னுடும். கியருக்கானத பிரேக்குக்கு போடறது அத விட ஆபத்து, அழுத்தத்துல பிளந்துடும். கேம்பக்னோலோ ஷிஃப்டருக்கு கேபிள் தலை சின்னது, ஷிமானோ கேபிள திணிச்சா உள்ள சிக்கிக்கும். ஹவுசிங்க வெட்டினப்புறம் வாய் நசுங்கியிருக்கும், அரத்தால தட்டையாக்கி ஒரு ஊசிய விட்டு உள் குழாய திறந்துவிடுங்க. டீரெய்லர் கிட்ட வர்ற கடைசி வளைவ குட்டையா வெட்டிடாதீங்க, மடங்கின இடத்துல கேபிள் சிக்கும்.

கேபிள் மாட்டறதுக்கு முன்னாடியே டீரெய்லர் ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம்னு எல்லை போடற ரெண்டு லிமிட் ஸ்க்ரூவையும் சரி பண்ணிடுங்க, செயின் சக்கரக் கம்பிக்குள்ளயும் விழக்கூடாது, ஃப்ரேம் பக்கமும் விழக்கூடாது. அப்புறம் லிவர முழுசா முன்னாடி தள்ளி, செயின் சின்ன பல்சக்கரத்துல இருக்கும்போது கேபிள தொய்வில்லாம இழுத்து போல்ட்ட இறுக்குங்க. பெடல சுத்திக்கிட்டே ஒரு கிளிக். செயின் ஏறலன்னா அட்ஜஸ்டர இடது பக்கமா கால் சுத்து, ரெண்டு தாண்டிடுச்சுன்னா வலது பக்கமா. 7 பல்சக்கரத்துக்கு 8 ஸ்பீடு ஷிஃப்டர் வச்சவங்க நாலாவது பல்சக்கரத்துல சத்தம் இல்லாம வர்ற வரைக்கும் திருப்புங்க, ஓரம் ரெண்டும் அதுவா வந்துடும்.

முதல் ரெண்டு மூணு ரைடுல ஹவுசிங் அதோட இடத்துல அழுந்தி உக்காரும், கேபிள் கொஞ்சம் தொய்யும், கியர் மறுபடி முனகும். இன்னொரு தடவை அட்ஜஸ்டர திருப்பிட்டு, அதுக்கப்புறம் ஹேண்டில்பார் டேப்ப சுத்துங்க. நான் அவசரப்பட்டு முதல் நாளே சுத்தி, ரெண்டு தடவை பிரிச்சு, மூணாவது தடவை பசையே இல்லாம இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன், இன்னும் அப்டியேதான் ஓடிக்கிட்டு இருக்கு.